மூன்று வியாழக்கிழமைகள்

மருத்துவமனைச் சீட்டை அவள் உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தாள். அறைத்தோழி பெனிலாவின் தந்தையிடம் அதைக் கொடுப்பதற்காகவே மாடியிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

மனநலப் பிரிவு. மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது. அந்த வரியின் கீழ் மருத்துவர் இருமுறை கோடிட்டிருந்தார்.

விடுதி வாயிலில் ஆட்டோ நின்றது. பெட்டியை மடியில் ஏந்தியபடி பெனிலா உள்ளே அமர்ந்திருந்தாள். பத்து நாள்களாக வகுப்புக்குச் செல்லாதவள், தலை வாராதவள். காப்பாளர் தொலைபேசியில் அழைத்த பின்னரே தந்தை வந்திருந்தார்.

வெளிச்செல்லும் பதிவேட்டில் கையெழுத்திட வந்தவர், மகளின் பெயரைத் தேடிப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

வியாழன். பெனிலா. காரணம்: பல்வலி.

அடுத்த வியாழன். பல்வலி.

அதற்கடுத்ததும்.

நான்காம் வியாழனில் அந்தப் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சீட்டோடு நின்ற இவள் அறிவாள். அன்று காலைச் சிற்றுண்டியின்போது, பெனிலாவின் தலையணைக்கடியில் அகப்பட்ட இதே சீட்டை உயர்த்திப் பிடித்து உணவுக்கூடமே கேட்க வாசித்தவள் இவள்தான்.

“பல்லு டாக்டர் இல்லடி! மெண்டல் டாக்டர்!”

வேடிக்கைக்காகத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். பெனிலாவும் சிரித்தாள். இட்லியை முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

“எந்தப் பல்லு மக்களே? எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே அவ.”

இவளிடம் கேட்ட தந்தை பதிவேட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

இவளுக்குப் பின்னால் கையெழுத்துக்காக நான்கு பேர் நின்றிருந்தனர். ஒருத்தி கனைத்தாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீட்டு வியர்வையில் ஊறியது. அன்று கூடமே அதிர வந்த சொல், ஒரு தகப்பனின் முன் நாவில் எழவில்லை.

அவள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“கடைவாய்ப் பல்லு, அங்கிள்.”

அவர் முகம் தெளிந்தது.

“அவ்வளவுதானா! நான் வேற என்னவோன்னு பயந்துல்லா போனேன்.”

பேனாவை வாங்கி, ‘காரணம்’ என்னும் கட்டத்தில் அவரும் அதையே எழுதினார். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக.

ஆட்டோ சாலையில் திரும்பி மறைந்தது.

அவள் விரல்களை விரித்தாள். மை பரவியிருந்தது. மருத்துவரிடம் வரவேண்டிய தேதிகளின் வரிசையில் கடைசித் தேதி மட்டும் தெளிவாக இருந்தது.

நாளை.

வியாழன்.