கொழும்புப் புல்

“அந்தப் புல்லுல மண்வெட்டி பட்டிச்செண்டா, ஒங்களப் பொத்துவிலுக்கு மாத்தாம உடமாட்டன் புள்ள.”

ஸைனுலாப்தீன் ஹாஜியார் கைபேசியை உயர்த்திக் காட்டினார். மாற்றல் உத்தரவு அதற்குள்ளேயே தயாராக இருக்கிறது என்பது போல் நின்றார்.

றினோஸா அசையவில்லை. ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் சபையின் கடிதம். மண்வெட்டியோடு பக்கத்தில் நின்ற கூலியாள் ஜவாத் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க மாநகர சபைதானே?” என்றார் ஹாஜியார்.

“ஓம், அங்கதான் வேல செய்றன்.”

“அப்ப கேளுங்க. இது எங்கட மகன் பர்ஸான் குடிவாற வூடு. வாற வெள்ளிக்கிழம நிக்காஹ். வளவு முழுக்கப் புல்லு வேணுமெண்டு நான்தான் கொழும்பிலிருந்து லொறியில இறக்கின.”

மருதமுனைக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்த வளவு. மணலில் பதித்த புல்லுக்காகக் கிணற்று மோட்டார் மூன்று நாளாக ஓய்வில்லாமல் இறைத்துக்கொண்டிருந்தது.

“வளவுல காவாசிக்கு மேல புல்லு வைக்க ஏலா எண்டு கடிதத்தில கெடக்கு,” என்றாள் றினோஸா. “மரத்துக்குச் சொட்டுக் குழாய் போடணும். குளிக்கிற தண்ணிய வாழைக்குத் திருப்பணும். அப்பதான் குடியிருக்கச் சான்றிதழ் தருவாங்க.”

“சம்மாந்துறையில எங்கட வளவுக்குப் பக்கத்தால வாய்க்கால் நாள் முழுக்க ஓடுது. ஆரும் கடிதம் தரல்ல.”

“அது வாய்க்கால், இது கடக்கர. மேல கெடக்கிற நல்ல தண்ணிய இறைச்சி முடிச்சா உப்புத்தான் மேல வரும். பின்வளவு றுகையாத்தாட கிணறு முந்தநாள் தொட்டு உப்பு. தேத்தண்ணிய வாயில வைக்க ஏலாம இருக்காங்க.”

ஹாஜியாருக்கு நெல்லைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. கடற்கரை மணலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது.

“பொண்ணுட வாப்பா பக்கீரே ஓம் எண்டிட்டார். ஒங்களுக்கென்ன?”

“அவர் பயத்துல சொல்லிருப்பார்.” றினோஸா அளவு நாடாவைச் சடாரெனச் சுருட்டினாள். “வூட்டு உறுதிப் பத்திரம் ஆர்ர பேருல?”

“பொண்ணுட பேருலதான். சீதன வூடு வேற ஆர்ர பேருல இருக்கும்?”

மிரட்டல் பலிக்கவில்லை என்றதும் ஹாஜியார் இறங்கி வந்தார். “இஞ்ச பாருங்க மகள். பொண்ணும் ஒங்களப்போல கவுமெந்து உத்தியோகம்தான். நான் இன்னும் பாக்கல்ல, எங்கட பொம்புளையள்தான் போய்ப் பாத்து முடிவெடுத்தாங்க. நல்ல அடக்கமான புள்ளையாம். அதுட நல்ல காரியத்தக் கெடுக்காதீங்க.”

றினோஸா குனிந்து புல்லின் ஓரத்தைப் பிடித்து, ஒரு பாளத்தை உரித்தெடுத்து மதிலோரம் எறிந்தாள்.

ஹாஜியாரின் முகம் சிவந்துவிட்டது.

“சரி. இதையும் கேட்டுக்கங்க. இந்தப் புல்லு போனா நிக்காஹும் இல்ல. இண்டைக்கே பக்கீருக்குச் சொல்லி அனுப்புவன்.”

ஜவாத் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். தன் கையால் ஒரு கலியாணம் குழம்புவதை அவர் விரும்பவில்லை.

றினோஸா கடிதத்தை நான்காக மடித்தாள். பின்வளவில் வெறும் வாளியோடு றுகையா நிற்பது மதிலுக்கு மேலால் தெரிந்தது.

“வெட்டுங்க, ஜவாத் நானா.”

மண்வெட்டி இறங்கியது. பச்சைக்குக் கீழிருந்து வெள்ளை மணல் வெளியே வந்தது.

“ஒரு பொண்ணுட வாழ்க்கைய மண்ணாக்கிட்டு நிக்கிறீங்க,” என்றார் ஹாஜியார். அவருக்கு மூச்சு வாங்கியது. “நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஆரு பதில் சொல்லுற?”

றினோஸா அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அந்தப் புள்ள நான்தான், மாமா.”