இருபத்திரண்டாவது வெள்ளிக்கிழமை

"மச்சாள், நான் கோயிலுக்கு வெளிக்கிடுறன். இவருக்குப் பத்து மணிக்குக் கஞ்சி குடுங்கோ."

தலையில் மல்லிகைச் சரத்தோடு அருந்ததி சைக்கிளில் ஏறிப் பறந்தாள். வாசலில் நின்ற செல்வநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே வராதா? கூரை வேயும்போது விழுந்த அண்ணன் கதிரவேலு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மூன்று வருசமாகப் படுக்கையில். அவன் மனைவிக்கோ வெள்ளிக்கிழமை வந்தால் பட்டுச்சேலை! கேட்டால், புருசனின் கால் சுகமாக இணுவில் கந்தசாமி கோயிலுக்கு நேர்த்தியாம். இருபத்தொரு வெள்ளி.

சாமி விஷயம் என்று செல்வநாயகியும் வாயை மூடிக்கொண்டு வாராவாரம் உரும்பிராய்க்கு வந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் இருபத்தொன்று போன வாரமே முடிந்துவிட்டது. போதாததற்கு, நேற்றுச் சந்தையில் ஒரு சேதியும் காதில் விழுந்திருந்தது.

அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அண்ணை, மச்சாள் பத்து மணிக்கே கும்பிட்டு முடிச்சிடுறாவாம். பிறகு எங்கை போறா தெரியுமோ? கோயிலடியிலை கமலாவதி வீட்டை."

"ஓம், சிநேகிதிதானே."

"அங்கை கதவைச் சாத்திப்போட்டு நாலு மணி மட்டும் நித்திரையாம்! நான் இஞ்சை உங்களைப் புரட்டிப் புரட்டி இடுப்பொடியிறன். இண்டைக்கு வரட்டும், இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டுறன்."

கதிரவேலுவின் முகம் மலர்ந்தது.

"நாலு மணி மட்டுமோ? நடுவிலை எழும்பேல்லையாமோ?"

செல்வநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்னைப் புரட்டாட்டில் புண் வரும், பிள்ளை. வெள்ளிக்கிழமை பகலிலை நீ செய்யிறாய். இரவிலை ஆர்? மூண்டு வருசமா அவள் ஒரு இரவும் முழுசாக் கண் மூடேல்லை. எங்கையாவது போய்க் கொஞ்சம் ஆறு எண்டால் கேக்கமாட்டாள். சாமிக்கெண்டால் மறுக்கமாட்டாள்தானே?"

"அப்ப அந்த நேர்த்தி?"

"நான்தான் வைச்சனான். என்ரை காலுக்கெண்டு அவளுக்குச் சொன்னன். அவளின்ரை நித்திரைக்கெண்டு முருகனுக்குச் சொன்னன்."

இத்தனை வெள்ளியும் மச்சாளை மனதுக்குள் திட்டித் தீர்த்ததை நினைக்கச் செல்வநாயகிக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அருந்ததி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. புருசனுக்கு விபூதி பூசிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மச்சாள், இண்டைக்குத்தான் எண்ணிப் பாத்தன். நேர்த்தி போன வெள்ளியே முடிஞ்சுது. இனி உங்களை அலைக்கழிக்கமாட்டன். நான் வீட்டோடையே நிக்கிறன்."

கதிரவேலு தவிப்போடு தங்கையைப் பார்த்தான்.

செல்வநாயகி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஆர் சொன்னது முடிஞ்சுதெண்டு? நான் சாத்திரியாரிட்டைக் கேட்டனான். இன்னும் நாற்பத்தெட்டு வெள்ளி கிடக்காம். செவ்வாய்க்கிழமையும் போகவேணுமாம்!"