செங்காளி எடுத்த ஓய்வு

ஏரிக்கரைச் சேவல் செங்காளி, போன வருஷம் ஏரியைச் சுத்தி ஓடுற பந்தயத்துல ஒரு வாத்துகிட்ட தோத்துப்போச்சு. இந்த வருஷம் ஜெயிச்சே ஆகணும்னு குதிரைகிட்ட ஓட்டம் பழகுச்சு. அதுக்கு முன்னாடியே கழுதைகிட்ட உதைச்சண்டை வேற பழகிட்டிருந்துச்சு. அதையும் விட மனசில்லை.

"தம்பி, திங்கக்கிழமை ஓடாதே, காலுக்கு ஓய்வு வேணும்"னுச்சு குதிரை.

"சரிண்ணே."

"செவ்வாய்க்கிழமை எவனையும் உதைக்காதே, கால் பாவம்"னுச்சு கழுதை.

"உத்தரவு வாத்தியாரே."

செங்காளி ரெண்டு பேர் பேச்சையும் தட்டவே இல்லை.

பந்தயத்தன்னிக்குக் காலையில, எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கின கணுக்காலோட கூடைக்குள்ள கிடந்துச்சு. வாத்து அந்தப் பக்கமா ஆடி ஆடி வந்துச்சு.

"என்ன மாப்ளே, வரலையா? உனக்காக மெதுவா ஓடலாம்னு இருந்தேனே!"

செங்காளிக்குக் கொண்டையே தொங்கிப்போச்சு. விஷயம் கேள்விப்பட்டு குதிரையும் கழுதையும் ஓடி வந்துச்சு.

"திங்கக்கிழமை ஓடுனியா?"ன்னு குதிரை அதட்டுச்சு.

"சத்தியமா இல்லண்ணே. அன்னிக்கு உதைக்கத்தான் போனேன்."

"செவ்வாய்க்கிழமை உதைச்சியா?"ன்னுச்சு கழுதை.

"ஐயோ, இல்ல வாத்தியாரே. அன்னிக்கு ஓடத்தான் போனேன்."

ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிச்சு.

"அப்ப அந்தக் கால் எப்பதான்டா ஓய்வெடுத்துச்சு?"

"இதோ, இப்ப எடுக்குதே"ன்னு செங்காளி காலை நீட்டிக் காட்டுச்சு. அப்புறம் மேல வட்டம் போட்டுக்கிட்டிருந்த பருந்தை அண்ணாந்து பாத்துச்சு.

"அண்ணே, என் இறக்கை சும்மாதானே இருக்கு?"