தெரிந்த ஆஸ்பத்திரி

ஸ்ட்ரெச்சரின் கம்பியை அவர் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன.

“வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். எதிர்லயே ஒண்ணு இருக்கு. நடந்தேகூட வந்துடுவேன்” என்று மனைவியிடம் கெஞ்சினார்.

“குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம்னு சொல்றாங்க. இவரு நடக்கப் போறாராம்!”

அருகில் வந்த நர்ஸின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, இந்த டாக்டர் இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கார்?”

“அவர் சேர்ந்தே ரெண்டு வாரம்தான் சார் ஆகுது. அதெல்லாம் மாடி ஆபீஸ்ல நல்லா விசாரிச்சுத்தான் எடுத்திருப்பாங்க.”

வலியைக்கூட மறந்து அவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கப் பார்த்தார்.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரே வந்துவிட்டார். இவரைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“சார், நீங்களா! உங்களை மறக்க முடியுமா? கவலையே படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

“ஐயோ, இவரேதான்!” என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி? மாடி ஆபீஸ்ல உட்கார்ந்து இவரை இன்டர்வியூ பண்ணி எடுத்ததே நீங்கதானே!”

“அதாண்டி பயமே! அன்னிக்கு எனக்கு அகோரப் பசி. ‘எப்ப வந்து சேருவீங்க’ன்னு கேட்டதைத் தவிர வேற ஒரு கேள்வியும் கேக்கலைடி!”