நாலு மணிக்குப் போகும் கரண்ட்

அன்றைக்கு மாடித் தையல் கூடத்தில் ஆறு பேர். காலர் தைக்கும் தீக்ஷா, கை பொருத்தும் அனுசுயா, காஜா போடும் சின்னத்தாயி, இஸ்திரி போடும் சத்தியமூர்த்தி, பாக்கெட் தைக்கும் ஆஷ்லின், தைத்ததை எண்ணிக் கட்டும் செபஸ்தியம்மாள். கீழே சாமான் அறையில் முதலாளி வள்ளியப்பன். அவரையும் சேர்த்தால் ஏழு.

சரியாக நாலு மணிக்கு மெஷின்கள் நின்றன. தலைக்கு மேல் ஃபேனும் நின்றது.

"போச்சா? இன்னைக்கும் போச்சா!" அனுசுயா கத்தரியைப் போட்டாள். "வெயில் காலத்துல உசுர வாங்குறாங்கப்பா."

"அவுகளச் சொல்லி என்ன?" என்றான் சத்தியமூர்த்தி. "நம்ம முதலாளி ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடலாம்ல?"

"உடைஞ்ச ஊசியக்கூட எண்ணி வாங்கிக்கிற ஆளு. அவரு இன்வெர்ட்டர் வாங்கப் போறாராக்கும்!" என்றாள் அனுசுயா.

சின்னத்தாயி ஒரு சட்டையை மடியில் போட்டு, பட்டன் வைக்க நூலைக் கோத்தாள்.

"கீழ வச்சிருங்கக்கா. கரண்ட் இல்லாதப்ப யாரும் துணியத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல?" என்றாள் தீக்ஷா. "இருட்டுல தப்பா வச்சா ஆர்டர் குடுத்த பார்ட்டி திருப்பி விட்டுருவாகளாம்."

"சாயங்காலம் நாலு மணிக்கு எங்குட்டு இருந்துடி வருது இருட்டு?" என்றாள் சின்னத்தாயி.

எல்லோரும் சிரித்தார்கள். ஆஷ்லின் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரத் துணிக்கட்டில் தலை வைத்து அதற்குள் தூங்கியிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்குக் காலையில் கல்லூரி. இரண்டு மணியிலிருந்து ஏழு வரை இங்கே. அதன் பிறகு நாலு பிள்ளைகளுக்கு டியூஷன். எல்லாம் முடித்துத்தான் தன் புத்தகத்தைத் திறப்பாள். கடைசி வருஷப் பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

பரீட்சை வரை தாங்குவாளா என்பதுதான் செபஸ்தியம்மாளின் கவலை.

முந்தின வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆஷ்லினின் விரலில் ஊசி இறங்கி முறிந்தது. அவள் கத்தவில்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலாளி மேலே வந்தார். விரலைப் பார்த்தார். பிறகு அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்துப் பார்த்தார்.

"ரத்தம் பட்டிருக்கே. இத யாரு எடுப்பா?"

அதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கூட்டிப்போனவள் செபஸ்தியம்மாள்தான். வழியில் சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் சும்மா இரேன்த்தா."

"முடியல பெரியம்மா. பக்கத்துல மெஷின் ஓடுற சத்தம் கேட்டா என் கை நிக்க மாட்டேங்குது. நாம மட்டும் பின்தங்கிருவோமோன்னு நெஞ்சு படபடங்குது." பிறகு லேசாகச் சிரித்தாள். "கரண்ட் போனாத்தான் எனக்கு லீவு."

திரும்பி வந்ததும், பிள்ளை என்ன சொன்னாள் என்று முதலாளி கேட்டார். செபஸ்தியம்மாள் அப்படியே சொன்னாள்.

"ம்" என்றார். "முறிஞ்ச ஊசி ரெண்டு துண்டும் இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து கரண்ட் போக ஆரம்பித்தது. செபஸ்தியம்மாள் நோட்டில் குறித்து வந்தாள். ஞாயிறு நீங்கலாக இன்றோடு பத்து நாள். ஒவ்வொரு நாளும் நாலு மணி முதல் நாலு இருபது வரை. மொத்தம் இருநூறு நிமிஷம்.

"போன மாசம் என் பிறந்தநாளுக்குக்கூட வரல இவ. போன் போட்டா எடுக்கிறதும் இல்ல" என்று ஆஷ்லினைக் காட்டினாள் தீக்ஷா. "நேத்து கரண்ட் போன நேரத்துல உக்காந்து அரட்டை அடிச்சா. எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"அரட்டை அடிச்சா போதுமா? பீஸ் கணக்குல வாங்குற கூலி என்னாகும்?" அனுசுயா செபஸ்தியம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் மூத்தவுக பெரியம்மா. போய் ஒரு வார்த்தை கேளுங்க. உங்க நோட்டக் காட்டுனா அவரு வாயே திறக்க முடியாது."

யாரிடமும் போய்க் கேட்டுப் பழக்கமில்லாதவள் செபஸ்தியம்மாள். கேட்க வேண்டியதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, நோட்டோடு படி இறங்கினாள்.

பாதிப் படியில் முதலாளியின் சத்தம் கேட்டது.

"ஹலோ! கரண்ட் ஆபீஸா? என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்கீக? பத்து நாளா எம் பிள்ளைக வேலை கெட்டுப்போகுது! எப்பத்தான் போடுவீக?"

பரவாயில்லை, நமக்காகச் சண்டை போடுகிறாரே என்று இன்னும் இரண்டு படி இறங்கினாள். தெருக்கதவு திறந்திருந்தது. எதிர் டீக்கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

செபஸ்தியம்மாள் நின்றுவிட்டாள்.

வள்ளியப்பன் மெயின் சுவிட்சுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவிட்சின் கைப்பிடி இறங்கியிருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் எட்டாத தூரத்தில் மேசை மேல் கிடந்தது.

மாடியைப் பார்த்து இன்னொரு தடவை கத்தினார். "ஹலோ! கேக்குதா, இல்லையா?"

செபஸ்தியம்மாள் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்த படிகளைச் சத்தமில்லாமல் ஏறினாள்.

"என்ன பெரியம்மா, கேட்டீகளா?"

"கேட்டேன்" என்றாள். "அவரும் கத்திக்கிட்டுத்தான் இருக்காரு, பாவம்."

பேச்சுச் சத்தத்தில் ஆஷ்லின் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். "கரண்ட் வந்திருச்சா பெரியம்மா?"

செபஸ்தியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு எட்டு.

"இல்லத்தா, தூங்கு. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."