சட்டைப் பையில் இருந்தது

அவருடைய சட்டைப் பைக்குள் மருமகளின் கை போனதைப் பெரியவர் கண்ணால் பார்த்தார். கட்டிலில் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் இவளுக்கு அங்கே என்ன வேலை?

கட்டிலுக்கடியில் குனிந்து, மினுங்கிய வெள்ளிக் காகிதத் துணுக்கு ஒன்றைப் பொறுக்கியவள்தான். அடுத்த நொடி ஆணியில் தொங்கிய சட்டைக்குப் பாய்ந்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, எதையோ எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"அங்க என்ன துழாவறே? இங்க ஒரு உசுரு போயிட்டிருக்கு!"

"அத்தையைப் பிடிங்க மாமா. டாக்சி வாசல்ல நிக்குது."

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போன நர்சைப் பெரியவர் வழிமறித்துக் கத்தினார். "பென்சிலின் மட்டும் போட்றாதீங்க! அவளுக்கு அது ஆகாது. ஒரு தடவை ஊசி போட்டு, செத்துப் பொழைச்சா!"

மருமகள் நர்சின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

பெரியவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். வெல்டிங் பட்டறையில் தேய்ந்த கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவரோடு முகம் கொடுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

டாக்டர்களையும் அவர் நம்பியதில்லை. போன மாதம் பல் வீங்கியபோது, "வலி போனாலும் நிறுத்தாதீங்க, மொத்தத்தையும் சாப்பிட்டு முடிங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி நின்றதும் அவரும் நிறுத்திவிட்டார். மிச்சத்தையும் தின்னச் சொல்வதெல்லாம் கடைக்காரனோடு சேர்ந்த கூட்டு என்பது அவர் கட்சி. இன்று காலை மனைவி தொண்டை வலி என்று முனகியபோதும் டாக்டரிடம் போகவில்லை. அவரே பார்த்துக்கொண்டார்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மகன் யூனிபார்மோடு ஓடிவந்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"உன் பொண்டாட்டியைக் கேளு. காலையில சூப்பு வச்சுக் குடுத்தா. குடிச்ச கொஞ்ச நேரத்துல உங்கம்மா இப்படி ஆயிட்டா."

"அப்பா, சும்மா இருங்க."

"நான் ஏண்டா சும்மா இருக்கணும்? அவ மூச்சு இழுத்துட்டுக் கிடக்கா, இவ என் சட்டைப் பையைக் குடையறா. என்னத்தையோ மறைக்கறா, அதுதான் எனக்குப் படுது."

மகன் முகம் இருண்டது. நேற்றுதான் மாமியாருக்கும் மருமகளுக்கும் சமையலறையில் சண்டை.

கதவு திறந்தது. டாக்டரம்மாவும் பின்னால் மருமகளும் வந்தார்கள்.

"மூச்சு சீராயிடுச்சு, பயப்படாதீங்க. பென்சிலின் ஒத்துக்காம வந்த வீக்கம்."

பெரியவர் துள்ளி எழுந்தார். "பென்சிலினா? அந்தப் பேரையே நான் வீட்டுக்குள்ள விடறதில்லையே!"

"அட்டையில வேற பேரு போட்டிருக்கும் பெரியவரே. இதுல ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு. ஒண்ணு பென்சிலின் வகை. ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தருக்குக் குடுத்தா இதான் கதி. நல்ல வேளை, என்ன சாப்பிட்டாங்கன்னு இவங்க கையோட கொண்டுவந்து காட்டினாங்க."

டாக்டரம்மா நீட்டிய மாத்திரை அட்டையைப் பெரியவர் வாங்கிப் பார்த்தார். அவருடைய பல் வலி மாத்திரை. கண்ணாடிக் கூட்டுக்குள் அவர் செருகி வைத்திருந்த, பாதி காலியான அதே அட்டை. காலையில் அதிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, வீணாகப் போகிறதே என்று, தம் கையாலேயே மனைவியின் வாயில் போட்டுத் தண்ணீரும் ஊற்றியிருந்தார்.

"யாரு குடுத்தது இதை?" மகனின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"நான்தான்," என்றாள் மருமகள். "தெரியாம குடுத்துட்டேன்."

"அப்பா சொன்னப்போ நான் நம்பல. உனக்கெல்லாம் அறிவிருக்கா? எங்கம்மாவைக் கொல்லப் பாத்தியே!" கத்திவிட்டு, அம்மாவைப் பார்க்க உள்ளே ஓடினான்.

பெரியவர் வாயைத் திறந்தார். "நீ... நீ எதுக்கு..."

"அத்தை கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் தேடினாங்க. நீங்க குடுத்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்."

அவசரத்தில் தன்னோடு கொண்டுவந்துவிட்ட அவருடைய கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"எப்பவும்போல என்னையே திட்டுங்க, மாமா."