வேலைக்கு வந்த பிள்ளை

தொழில் திணைக்கள அதிகாரி ஷரீப் படியேறி வந்ததுமே, வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா முதலாளிக்கு வியர்த்து ஊற்றியது.

"இந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி குடுக்க வேண்டிய சம்பளத்துல பாதிதான் குடுக்கிறீங்களாம். எங்களுக்கு டெலிபோன் கோல் வந்திச்சி."

சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் இருப்பவள், வேறெங்கே போகப்போகிறாள் என்று முதலாளி அரைச் சம்பளத்துக்கு வைத்திருந்த நேசமலர், சேலை மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

முதலாளியின் வாயில் பொய் தானாக வந்தது. "ஐயோ சேர், இவ வேலைக்கு நிக்கிறவ இல்லை! என்ர மகனுக்குப் பேசியிருக்கிற பொம்பிளை. சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறா."

"உண்மையா தங்கச்சி?"

"ஓம்," என்றாள் நேசமலர், தலையைக் குனிந்துகொண்டு.

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கெட்டிக்காரி, குறிப்பறிந்து நடக்கிறாள்!

"சந்தோசம். அடுத்த மாசம் வருவன். கலியாணம் நடக்காட்டி பழைய சம்பளமெல்லாம் சேர்த்துக் கட்டணும்," என்று சொல்லிவிட்டு ஷரீப் இறங்கிப் போனார்.

"எந்தப் படுபாவி கோல் எடுத்தவன்?" என்று முதலாளி உறுமினார்.

காசு மேசையில் இவ்வளவு நேரமும் தலை நிமிராமல் இருந்த மகன் சிவபாலன் எழுந்தான். "நான்தான் அப்பா. இவளைக் கட்டப்போறனெண்டு உங்களுக்குச் சொல்லப் பயம். சம்பளத்தையாவது கூட்டுவிப்பமெண்டு எடுத்தனான். நீங்கள் பொம்பிளையையே தந்திட்டீங்கள்."

முதலாளி கதிரையில் பொத்தென்று விழுந்தார். நேசமலர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடியுங்கோ மாமா. கலியாணம் முடியுமட்டும் சம்பளத்தைச் சட்டப்படி தாங்கோ."